ஓங்கிய கோலின் உச்சி

ஊவா 1886 ஆம் ஆண்டிலே தனி மாகாணமாயிற்று. அதற்கு மூன்று ஆண்டுகளின் பின்னர், அதன் மேற்கெல்லைக்கு அப்பால், நுவரெலியாவிலே கோல்ப் சங்கம் ஒன்று தோன்றிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேரான தொடர்பு இல்லை. ஆயினும் இரண்டுக்கும் பின்புலம் ஒன்றே. 1869 இல் தலைகாட்டிய இலைத்துரு நோயினாலே கோப்பிப் பயிர் நலிந்து, அதன் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்ட காலம் அது. மலைகளைத் திருத்தித் தேயிலை நாட்டிய துரைமாரிலே ஸ்கொத்லாந்து நாட்டவர் மிகப் பலர். 1890 ஆம் ஆண்டிலே ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை விலைக்கு வாங்கிய தோமஸ் லிப்டனும் கிளாஸ்கோ நகரத்தவரே. ஸ்கொத்லாந்தர் எங்கே சென்றாலும் தம் நாட்டு விளையாட்டையும் உடன் கொண்டுசெல்வது வழக்கம். அவ்விளையாட்டின்மீது அவர்களுக்கிருந்த பற்றுப் பழமையானது. வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறு செய்கிறது என்று 1457 இலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் கோல்பைத் தடை செய்ய வேண்டியிருந்தது. தடை நிலைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மலைநாட்டு இருப்புப் பாதை 1885 இல் நானுஓயாவையும், 1893 இல் ஹப்புத்தளையையும், 1894 இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளை நகரம் புகைவண்டியைக் காண 1924 வரை காத்திருந்தது. பாதை வந்தபின் ஊவாத் துரைமாருக்கு நுவரெலியா எட்டாத ஊராக இருக்கவில்லை. ஏப்பிரில் மாதத்து வசந்த காலத்திலே மலைநாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தோட்டத்துரைமார் அங்கே கூடினர். குதிரைப் பந்தயம், நடனம், கோல்ப் என நாட்கள் கழிந்தன.

இவ்விளையாட்டைத் தூரத்திலிருந்து பார்த்த தோட்டமக்களுக்கு அது விந்தையாகவே இருந்திருக்கும். பந்தை அடித்துவிட்டு, அதைத் தேடிக்கொண்டு நடந்து, கண்டபின் மறுபடியும் அடித்துத் தொலைப்பது போலத் தோன்றும் ஆட்டம் அது. ஆனால், எல்லோரும் அதைத் தூரத்திலிருந்து பார்த்தவர் அல்லர். கோல்கள் நிறைந்த பையைத் தோளிலே சுமந்து, ஆடுபவரின் பின்னே புற்றரை முழுவதும் நடந்தவர்களும் இருந்தனர். அவர்களைக் ‘கெடி’ என்பர். ஆங்கிலத்திலே இதே ஒலியுடைய இன்னொரு சொல் தேயிலைப் பெட்டியைக் குறிக்கும். தேயிலை நாட்டவர் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக்கூடும். உண்மையிலே இரண்டுக்கும் உறவில்லை. பெட்டியின் பெயர் ‘காத்தி’ என்னும் மலாய் நிறையளவையிலிருந்து வந்தது. பை சுமப்பவரின் பெயரோ, இளையவன் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

இப்பை சுமந்தவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதே இங்கு ஆராயத்தக்கது. கோல்ப் ஆட்டத்திலே பெரிதும் விவாதிக்கப்பட்ட ஒரு கணம் உண்டு. ஆடுபவர் கோலைப் பின்னோக்கி ஓங்கி, அது மேலே சென்று முடிந்து, கீழே வரத் தொடங்கும் கணம் அது. அதனை உச்சி நிலை எனலாம். அக்கணத்திலே ஆடுபவரின் உடல் எப்படி இருக்கிறது, கோல் எங்கே இருக்கிறது என்பவற்றை அறிந்தால், பந்து எங்கே போகும் என்பதை ஓரளவுக்கு முன்னரே சொல்லிவிடலாம்.

வலக்கையாளர் ஒருவரை மனத்திலே நிறுத்திக்கொள்க. அவருடைய இடப்புறம், பந்து சேரவேண்டிய இலக்கை நோக்கியுள்ளது. கோலை ஓங்கும்போது அவருடைய தோள்கள் ஏறக்குறையக் கால்வட்டம், அதாவது 90 பாகை, திரும்புகின்றன. இடுப்பு அதிற் பாதியளவே திரும்புகின்றது. மேலுடல் மிகுதியாகவும் கீழுடல் குறைவாகவும் திரும்புவதாலே நடுவுடல் முறுக்கிய கயிறு போலாகின்றது. உடலின் பாரம் வலப்பாதத்தின் உட்புறத்திலே தங்குகின்றது. வெளிப்புறத்துக்கு வழிந்துவிட்டால் அதனை மீட்டுக்கொண்டு வருவது கடினம். இடக்கை பெரிதும் நீண்டிருக்க, வலது முழங்கை மடிந்து நிலத்தை நோக்குகின்றது. மணிக்கட்டுகள் மடங்குகின்றன. கோலின் தண்டு தலைக்குப் பின்னாலே, நிலத்துக்கு ஏறக்குறையச் சமாந்தரமாக, இலக்கை நோக்கிக் கிடக்கின்றது.

இவற்றினும் நுட்பமானது கோலின் முகம். பந்தைத் தொடும் தட்டையான பக்கமே முகம். உச்சி நிலையிலே அது வானத்தைப் பார்க்குமாயின் முகம் மூடியுள்ளது என்பர். அவ்வாறே இறங்கினால் பந்து இடப்புறம் வளையும். கோலின் நுனி நிலத்தை நோக்கித் தொங்குமாயின் முகம் திறந்துள்ளது. பந்து வலப்புறம் வளையும். இவை இரண்டுக்கும் இடைப்பட்டதே நடுநிலை. முகத்தை ஆள்வது இடது மணிக்கட்டு. அது புறங்கைப் பக்கமாகக் குழிந்தால் முகம் திறக்கும். உள்ளங்கைப் பக்கமாக வளைந்தால் மூடும். ஒரு மணிக்கட்டின் சிறு மடிப்பு, 200 யார் தொலைவிலே பந்தைப் புற்றரையிலா பற்றைக்குள்ளா விழச் செய்வது என்பதைத் தீர்த்துவிடுகின்றது.

உச்சிக்கு இத்துணை முதன்மை ஏன்? காரணம் காலத்தின் குறுக்கம். கோல் மேலே செல்வதற்கு முக்கால் வினாடியளவு ஆகின்றது. கீழே வந்து பந்தைத் தொடுவதற்குக் கால் வினாடியும் ஆவதில்லை. கோல் பந்தோடு ஒட்டியிருக்கும் நேரமோ ஒரு வினாடியை இரண்டாயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூறு. மனிதனுடைய கண்ணும் மூளையும் தசையும் ஒரு பிழையை உணர்ந்து திருத்துவதற்குக் கால் வினாடி போதாது. ஆகவே, இறக்கம் தொடங்கியபின் ஆடுபவர் செய்யக்கூடியது மிகச் சிறிதே.

ஆனால், அக்கணத்திலே தம் கோலைக் காணும் ஆற்றல் ஆடுபவருக்கு இல்லை. கோல் அவருடைய தலைக்குப் பின்னே இருக்கின்றது. கண் பந்திலே பதிந்திருக்கவேண்டும். தலையைத் திருப்பினால் ஓங்கலே குலைந்துவிடும். எனவே கோல்ப் வரலாற்றிலே உச்சி நிலையைப் பற்றிய அறிவு நெடுங்காலம் உணர்வை நம்பியே நின்றது. ஆடுபவர்கள் தாம் செய்வதாக எண்ணியதை எழுதினார்கள். செய்தது வேறாக இருந்திருக்கலாம்.

இதனைத் துலக்கியது ஒளிப்படக் கலை. 1878 இல் எட்வேர்ட் மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையைப் பல கருவிகளாலே அடுத்தடுத்துப் படமெடுத்தார். பாய்ச்சலிலே நான்கு கால்களும் ஒருசேர நிலத்தை விட்டெழும் கணம் உண்டென்பது அப்போதுதான் ஐயமறத் தெரிந்தது. அக்கணத்திலே கால்கள் வயிற்றின் கீழே மடங்கியிருந்தன. நூற்றாண்டுக் கணக்காகக் குதிரையைப் பார்த்து வரைந்த ஓவியர்கள் அவற்றை முன்னும் பின்னும் நீட்டியே வரைந்து வந்திருந்தனர். கோல்பிலும் அதுவே நிகழ்ந்தது. பழைய கருவிகள் மெதுவானவை; ஆகவே ஆட்டக்காரர் கோலை ஓங்கியபடி அசையாது நின்று படத்துக்கு முகம் கொடுக்க வேண்டியிருந்தது. உச்சி என்பது சிலைபோல நிற்கும் ஒரு நிலை என்ற எண்ணம் வேரூன்றியதற்கு அப்படங்களும் ஒரு காரணம் எனலாம். 1904 இல் ஜோர்ஜ் பெல்டம் வெளியிட்ட நூலிலே, அக்காலப் பேராட்டக்காரர்கள் உண்மையாகவே அடிக்கும் வேளையில் எடுத்த படங்கள் இடம்பெற்றன. நின்று காட்டுபவனும் அடிப்பவனும் வேறு வேறென்று படிப்போர் அறியத் தொடங்கினர்.

கருவி மாறுந்தோறும் உச்சியும் மாறிற்று. பழைய சென்ற் அன்றூஸ் ஆட்டக்காரர்கள் கோலை உடலைச் சுற்றித் தாழ்வாகவும் நீளமாகவும் வீசினர். ஆறு முறை பிரித்தானியத் திறந்த போட்டியை வென்ற ஹரி வார்டன், ஓங்கலை நிமிர்த்திக் குறுக்கினார். அக்காலத்துத் தண்டு ஹிக்கரி என்னும் மரத்தாலானது. அது வளைவதோடு முறுகவும் செய்யும். அவசரப்பட்டு இறக்கினால் முகம் பின்தங்கிவிடும். ஆகவே மரத்தண்டுக்காரர் உச்சியிலே பொறுமை காக்க வேண்டும் என்று கற்பிக்கப்பட்டது. 1929 இல் பிரித்தானிய ஆட்சிச் சங்கம் உருக்குத் தண்டை அனுமதித்தது. முறுக்கம் குறைந்தது, பொறுமையின் தேவையும் குறைந்தது. 1930 இல் ஒரே ஆண்டிலே நான்கு பெரும் போட்டிகளையும் வென்று ஓய்வுபெற்ற பொபி ஜோன்ஸ், மறு ஆண்டே தம் ஆட்ட முறையைத் திரைப்படங்களாக நடித்துக் கொடுத்தார். முப்பதுகளின் பிற்பகுதியிலே ஹரல்ட் எட்ஜெர்டன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், விட்டுவிட்டுப் பாயும் மின்னொளியைக் கொண்டு ஒரு முழு வீச்சினை ஒரே படத்திலே விசிறிபோல விரித்துக் காட்டினார்.

பென் ஹோகனின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. அவருடைய பந்து இடப்புறம் வளைந்து வளைந்து பல ஆண்டுகள் அவரை அலைக்கழித்தது. உச்சியிலே இடது மணிக்கட்டைச் சற்றே குழித்துக்கொள்வதே தம் மறைபொருள் என்று 1955 இல் ஒரு சஞ்சிகை மூலம் அவர் வெளியிட்டார். குழித்தால் முகம் திறக்கும், திறந்தால் பந்து வலப்புறம் சாயும். ஆகவே அவருடைய இடப்புற நோய்க்கு அது மருந்து. அதைப் படித்த பல்லாயிரவருக்கு இருந்ததோ எதிர்மாறான நோய். ஒருவர் மருந்தை மற்றவர் உண்டதன் விளைவை விரிக்க வேண்டியதில்லை. 1957 இல் வெளிவந்த ஐந்து பாடங்கள் கொண்ட தம் நூலிலே ஹோகன் இதனை வற்புறுத்தவில்லை. தோளின்மேற் சாய்த்துவைத்த கண்ணாடித் தகடு ஒன்றைக் கற்பனை செய்து, அதை உடைக்காமற் கைகளை உயர்த்துக என்றார். இறக்கத்தை இடுப்பே தொடங்கவேண்டும் என்றார்.

1968 இல் பிரித்தானிய ஆய்வாளர் கொக்ரனும் ஸ்ரொப்ஸும் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் இவ்விடயத்தை இயந்திரவியலின் வழியே நோக்கிற்று. அவர்கள் வீச்சினை இரண்டு கோல்கள் மூட்டப்பட்ட ஊசலாகக் கண்டனர். தோளிலிருந்து கைகள் வரை ஒன்று, மணிக்கட்டிலிருந்து கோலின் நுனி வரை மற்றொன்று. திரைப்படத்தை ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தவர்களுக்கு மற்றுமோர் உண்மையும் புலனாயிற்று. சிறந்த ஆட்டக்காரரின் கோல் இன்னும் பின்னோக்கிச் சென்றுகொண்டிருக்கும்போதே, இடுப்பு இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடுகின்றது. ஆகவே உடல் முழுவதும் ஒருங்கே ஓய்ந்து நிற்கும் உச்சி என்று ஒன்றில்லை. கீழுடலுக்கு ஒரு கணம், தோளுக்கு ஒரு கணம், கோலுக்கு ஒரு கணம். அந்தச் சிறு இடைவெளியிலேயே நடுவுடலின் முறுக்கு மிகுகின்றது. வேகத்தின் ஊற்று அங்கேதான் இருக்கின்றது.

படங்களை நிறுத்தி அறிந்த இவ்வுண்மை, கைத்தொழிலாளருக்குப் புதியதன்று. சம்மட்டி அடிப்பவரைப் பார்த்தவர் அறிவர். இரும்பு தோளுக்குமேல் ஏறிக்கொண்டிருக்கையிலேயே அவருடைய முன்கால் ஊன்றி, இடை முன்னே வந்துவிடும். அவ்வாறின்றிக் கைகளால் மாத்திரம் அடிப்பவர் அரைநாளிற் களைத்துவிடுவார். ஊவா மலைகளிலே இதற்கு இன்னும் நெருங்கிய சான்று கவ்வாத்து. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாழ வெட்டிவிட வேண்டும். வெட்டு வழவழப்பாகவும் சாய்வாகவும் விழவேண்டும். தண்டு பிளந்தால் நீர் தங்கி, அழுகல் உட்புகும். கவ்வாத்துக்காரர் மலைச்சரிவிலே ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று, கத்தியைத் தாழ்த்தி, உடலைத் திருப்பி, ஒரே இழுப்பிலே மேனோக்கி வெட்டுகிறார். வெட்டிய மிலாறு அடுப்புக்கு விறகாகின்றது. இவ்வித்தையைக் கற்பிக்க நூல் எதுவும் எழுதப்பட்டதில்லை என்று கூறிவிட முடியாது. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் செடியின் உயரம், பருவம், வெட்டின் சாய்வு முதலியவற்றைப் பற்றி விரிவாக எழுதியுள்ளது. ஆனால் வெட்டுபவரின் இடுப்பு எப்போது திரும்புகிறது என்பது வழிவழியாகக் கண்ணால் அன்றோ கற்கப்பட்டு வந்தது! முன்னால் ஒருவர் வெட்ட, பின்னால் ஒருவர் பார்த்தார்.

இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் ஆகாது. கவ்வாத்துக் கத்தி கண்முன்னே இயங்குகின்றது. கோல்ப் கோலோ கண்ணுக்கு மறைந்த இடத்திலே திரும்புகின்றது. எனினும் உடலின் திருப்பத்தைத் தொழிலிலே தினமும் காணும் குடும்பத்திற் பிறந்த ஒரு சிறுவன் பை சுமந்து நடந்தபோது, அவன் வெறுங்கண்ணோடு நடக்கவில்லை என்று துணிந்து கூறலாம். பந்து எங்கே விழுந்தது என்று காண்பது அவனுடைய கடமை. அதற்கு, பந்து புறப்படுமுன்னரே எப்பக்கம் போகும் என்று உணர்வது பேருதவி. துரை தம் உச்சியைத் தாம் காணமாட்டார். பையன் ஒரு சுற்றிலே எண்பது தொண்ணூறு தடவை கண்டான். காலனித்துவ காலத்துச் சங்கங்கள் பெரிதும் ஐரோப்பியரையே உறுப்பினராகக் கொண்டிருந்தன. அவனுக்குக் கிடைத்த கூலி பையின் சுமைக்கே அன்றி, அவன் கண்டறிந்ததற்கு அன்று.

பார்த்துக் கற்றலைத் தாழ்வாக எண்ணுவோர்க்கு இவ்விளையாட்டின் வரலாறே விடை தருகின்றது. பொபி ஜோன்ஸ் சிறுவனாக இருந்தபோது முறையான பாடம் எதுவும் கேட்கவில்லை. அட்லாண்டா நகரிலே ஸ்ருவர்ட் மெய்டன் என்ற ஸ்கொத்லாந்து ஆசிரியரின் பின்னே திரிந்து, அவருடைய வீச்சினை அவ்வாறே பிரதி செய்தார். ஹரி வார்டன் ஜேர்சித் தீவிலே பை சுமந்த சிறுவர். மரக்கிளையைக் கோலாக்கி, கோலிக்குண்டைப் பந்தாக்கி ஆடியவர். 1913 இல் அமெரிக்கத் திறந்த போட்டியிலே அந்த வார்டனையே தோற்கடித்தவர், முன்னர் பை சுமந்த பிரான்சிஸ் விமெற் என்னும் இருபது வயது இளைஞர். ஹோகனும் பை சுமந்து தொடங்கியவரே.

இந்திய உபகண்டத்திலே இவ்வழி திறக்க நெடுங்காலம் சென்றது. கல்கத்தாவிலே 1829 இலேயே கோல்ப் சங்கம் அமைந்துவிட்டது. ஆனால் இந்தியத் திறந்த போட்டியை ஓர் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் வெல்ல 1991 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வென்றவர் அலி ஷேர். தில்லிப் புற்றரையிலே பை சுமந்து கற்றவர். 1993 இலும் அவரே வென்றார். கல்கத்தாவிலே புற்றரை பராமரித்தவரின் மகனாகிய சௌரசியா, 2008 இல் தில்லியிலே இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். இலங்கையிலிருந்து என். தங்கராஜா, கே. பிரபாகரன் முதலிய தமிழ்ப் பெயருடையோரும் இந்தியத் தொழில்முறைச் சுற்றிலே ஆடியுள்ளனர்.

ஊவாத் தோட்ட மக்களுக்கோ இடையிலே வேறு கவலைகள் குறுக்கிட்டன. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல்லாயிரவர் கடல் கடந்தனர். அவர்களிலே ஒரு பகுதியினர் நீலகிரியிலே தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறி, அதே கத்தியை வேறொரு மலையிலே எடுத்தனர். அங்கும் உதகையின் மேட்டுப் புல்வெளியிலே கோல்ப் ஆடப்பட்டு வந்தது என்பது வரலாற்றின் ஒரு விளையாட்டுப் போலும். இலங்கையிலே 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. பழைய துரைமார் சென்றனர். நுவரெலியாப் புற்றரை மட்டும் இன்றும் உள்ளது. பை சுமப்பவரும் உள்ளனர்.

உச்சி நிலையைக் காண்பதற்கு இக்காலத்திலே எட்ஜெர்டனின் மின்னொளி வேண்டியதில்லை. கைத்தொலைபேசியை நிறுத்திவைத்தால் எவரும் தம் ஓங்கலைக் காணலாம். அதை நிறுத்துதற்கு ஏற்ற இடம், பந்தையும் இலக்கையும் சேர்க்கும் கோட்டிலே, ஆடுபவரின் பின்புறம். கோல் கோட்டைத் தாண்டுகிறதா, முகம் வானம் பார்க்கிறதா, இடுப்பு எப்போது திரும்புகிறது என்பவை அங்கிருந்தே தெளிவாகத் தெரியும். 2019 இல் திருத்தப்பட்ட சர்வதேச விதிகளின்படி, ஆடுபவர் நிலையெடுக்கத் தொடங்கி அடித்து முடிக்கும் வரை, பை சுமப்பவர் வேண்டுமென்றே அவ்விடத்திலே நிற்றல் ஆகாது. இலக்கை நோக்கி நேராக நிற்க ஆடுபவருக்கு அவர் துணை செய்துவிடுவார் என்பதே அவ்விதிக்குக் கூறப்படும் காரணம்.